கை என்கிரேவிங் பழகுகிறேன்: கோடு வழுக்குகிறது, முனை உடைகிறது, மெஷின் வாங்கலாமா?

ஜனவரி 11 (கேள்வி)

பித்தளைத் தகட்டில் என்கிரேவிங் பழக ஆரம்பித்திருக்கிறேன். விதவிதமான முனைகளோடு ஒரு கிரேவர் (உலோகத்தில் கோடு வெட்டும் கூரிய கருவி) செட் வாங்கினேன். நேர்கோடு இழுக்கும்போதே பாதியில் வழுக்கி, தகடு முழுக்கக் கீறலாகிவிடுகிறது. அழுத்திப் பிடித்தால் முனை பொடுக்கென்று உடைகிறது. வீடியோக்களில் காற்றழுத்தக் கருவி வைத்து வெண்ணெய் மாதிரி வெட்டுகிறார்கள். எனக்குக் கையில் பலம் போதவில்லை என்று நினைக்கிறேன். மெஷின் வாங்கினால் சரியாகுமா? வளைவு போடுவது எப்படி என்றும் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

இப்போதைக்கு மெஷின் வேண்டாம். உடைந்த முனையை மெஷினில் மாட்டினால் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் ஒன்றுதான். முனை முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் உடைகிறது. உடைந்த முனை உலோகத்துக்குள் இறங்காமல் மேலே சறுக்குகிறது. சறுக்குகிறதே என்று அழுத்துகிறீர்கள், மிச்சமும் போய்விடுகிறது. இதில் கைப்பலத்துக்கு வேலையே இல்லை. பித்தளையில் மெல்லிய கோடு போட உள்ளங்கையால் லேசாகத் தள்ளினால் போதும்.

ஒன்று கேட்கவேண்டும். வாங்கிய கிரேவரைச் சாணை பிடித்தீர்களா, உறையிலிருந்து எடுத்து அப்படியே தகட்டில் வைத்தீர்களா?

ஜனவரி 12

அப்படியே வைத்தாராம். நினைத்தேன்.

கடையில் வருவது பெரும்பாலும் வடிவம் கொடுத்த எஃகுக் கம்பிதான். அதைக் கிரேவராக்குவது நம் வேலை. இதை யாரும் பெட்டியின் மேல் எழுதிவைப்பதில்லை. அதனால்தான் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே ‘எனக்குக் கை வராது’ என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

சதுரக் கிரேவரை எடுங்கள். அதில் மட்டும் கவனம் வையுங்கள், மற்றதெல்லாம் டப்பாவிலேயே கிடக்கட்டும். முன்பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும் பரப்புதான் முகம். பித்தளை, செம்பு, வெள்ளிக்கு 45 டிகிரி நல்ல தொடக்கம். எஃகில் வெட்டப்போகிறீர்கள் என்றால் 50, 55 என்று நிமிர்த்திக்கொள்ளலாம். முகம் நிமிர நிமிர முனைக்குப் பின்னால் நிற்கும் எஃகு அதிகம், உடைவது குறையும்.

இனிதான் முக்கியம். அடியில் முனையை ஒட்டி இரண்டு சின்னப் பட்டைகள் தீட்டவேண்டும். இதைக் குதி என்று வைத்துக்கொள்வோம். கோணம் 15 முதல் 20 டிகிரி. குதி இல்லாத கிரேவர் தகட்டோடு படுத்துக்கிடக்கும். கைப்பிடியும் விரலும் தகட்டில் இடிக்கும். இடிக்காமல் இருக்கக் கையைத் தூக்கினால் முனை குத்திக்கொண்டு உள்ளே இறங்கும், அப்புறம் பொடுக். குதி வைத்த கிரேவர் அந்தப் பட்டையின் மேல் உட்கார்ந்து ஓடும். ஆழத்தை அதுதான் நிதானிக்கிறது.

குதியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கட்டும். உருப்பெருக்கியில்தான் தெரியும். நீளமாகிவிட்டால் நேர்கோட்டில் ஒன்றும் தெரியாது, வளைவில் மாட்டிக்கொள்வீர்கள். குதி பின்னால் இழுபட்டு வளைவின் வெளிக்கரையை நசுக்கிக்கொண்டே போகும். கோட்டின் ஒரு கரை பளிச்சென்றும் மறுகரை சொரசொரவென்றும் இருந்தால் குதியைத்தான் சந்தேகப்படவேண்டும்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

கூர் பார்ப்பது எப்படி என்று சொல்ல விட்டுப்போயிற்று. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையைச் சாய்வாக வைத்து, அழுத்தாமல் லேசாக நகர்த்துங்கள். பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் இல்லை. இன்னொன்று, விளக்கொளியில் உருப்பெருக்கியால் முனையை நேராகப் பாருங்கள். கூரான முனை ஒளியைத் திருப்பாது. நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கினால் அது உடைந்த இடம்.

தீட்டுவதற்கு 600 கிரிட் (சொரசொரப்பின் அளவு) வைரத் தகடு, அப்புறம் 1200. கடைசியில் பீங்கான் கல்லிலோ கடினமான எண்ணெய்க்கல்லிலோ மெருகு. குதிக்கு மெருகு கட்டாயம். குதியில் இருக்கும் கீறல் அப்படியே கோட்டின் சுவரில் பதியும். வெட்டிய கோடு கண்ணாடி போல மின்னுவது உலோகத்தால் மட்டும் வருவதில்லை, குதியின் மெருகும் சேர்ந்துதான்.

கையால் பிடித்துத் தீட்டினால் பரப்பு உருண்டுவிடும். கோணம் பூட்டிவைக்கிற தாங்கி ஒன்று அவசியம். மெஷினுக்கு எடுத்துவைத்த காசில் முதலில் அதை வாங்குங்கள்.

ஜனவரி 15

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ‘அந்தக் காலத்துப் பட்டறையில் கோணத் தாங்கி வைத்தா தீட்டினார்கள்? எல்லாம் கண்ணளவு. நீங்கள் ஆளைப் பயமுறுத்துகிறீர்கள்.’

கண்ணளவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண் யாருடையது என்று பாருங்கள். ஜெர்மன் ஓவியரும் செதுக்குக் கலைஞருமான ட்யூரர் பொற்கொல்லரின் மகன். அப்பாவின் பட்டறையில் கருவி பிடித்துவிட்டுத்தான் ஓவியரிடம் போனார். ஆங்கில ஓவியர் ஹோகார்த் வெள்ளிச் சாமான்களில் செதுக்குபவரிடம் வேலை பழகியவர். மரச் செதுக்கலைத் தூக்கி நிறுத்திய பெவிக் 1767இல் ஒரு செதுக்குப் பட்டறையில் சேர்ந்தபோது சின்னப் பையன். வருஷக்கணக்கில் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து, தப்பாகத் தீட்டினால் அங்கேயே பிடுங்கிக் காட்டியிருப்பார். தனியாக மேசையில் உட்கார்ந்து பழகுகிறவருக்கு அந்த ஆள் கிடையாது. அந்த இடத்தைத் தாங்கிதான் நிரப்புகிறது. கண் பழகிய பிறகு தூக்கி எறியட்டும், யார் வேண்டாம் என்றது?

ஜனவரி 19

கேள்வி கேட்டவருக்குத் தீட்டிய பிறகு கோடு ஓடுகிறதாம். ‘சத்தமே மாறிவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். ஆமாம், மாறும். மழுங்கிய முனை கிறீச்சென்று தேய்க்கும், கூரான முனை அடக்கமாகச் சீவும்.

ஆனால் கோடு முடியும் இடத்தில் இன்னும் முனை போகிறது என்கிறார். அது முடிக்கும் முறையில் இருக்கிற கோளாறு. கோடு முடிந்ததும், வெட்டுப்பட்டு வரும் உலோகச் சுருளைப் பிய்த்துப்போடக் கைப்பிடியை எதிர்த்திசையில் நெம்புவோம். முனை உலோகத்துக்குள் மாட்டியிருக்கும்போது நெம்பினால் உடையாமல் என்ன செய்யும்? கைப்பிடியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டே முன்னால் தள்ளுங்கள். கைப்பிடி தாழ்ந்தால் முனை மேலேறும், கோடு மெலியும், சுருள் தானாகக் கழன்றுவிடும். ஆழம் வேண்டுமென்றால் கைப்பிடியை உயர்த்துவது, குறைய வேண்டுமென்றால் தாழ்த்துவது. கைப்பிடி நகரும் தூரம் ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோட்டைப் பார்க்கவே மாட்டார். தகட்டை ஒதுக்கிவிட்டு, மேசையில் விழுந்த சுருளை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில், உள்பக்கம் பளபளவென்று சுருண்டு வந்திருந்தால் தலையாட்டுவார். துண்டு துண்டாக இருந்தால் ‘போய்த் தீட்டு’ என்பார். அதற்குமேல் பேச்சில்லை. எரிச்சலாக இருக்கும். இப்போது நானும் சுருளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

(ஈயம் கலந்த பித்தளையில் இந்தச் சோதனை பலிக்காது. எவ்வளவு கூராக இருந்தாலும் அது பொடியாகத்தான் வரும். கடைசலுக்கென்றே ஈயம் சேர்த்துச் செய்வது அது. உங்கள் தகடு அதுவா என்று பாருங்கள்.)

ஜனவரி 20

வளைவு. கேட்டு ரொம்ப நாளாகிறது, நான்தான் சாணையிலேயே நின்றுவிட்டேன்.

கிரேவர் பிடித்த கை வளைவதில்லை. தகடு திரும்புகிறது. வலது கை ஒரே இடத்தில் நின்று முன்னால் தள்ளும், இடது கை வைஸைச் (தகட்டைத் தாடையில் இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி) சுழற்றும். இது புரிந்த நாளிலிருந்து வேலை வேறாகிவிடும். உருண்டை வைஸ் என்று விற்பது இதற்காகத்தான்: கனமான அரைக்கோளம், மேலே தாடை, விரலால் தள்ளினாலே சுழலும். இல்லாவிட்டால் மணல் நிரப்பிய தோல் பை போதும். அச்சுத் தகடு செதுக்கியவர்கள் பல நூற்றாண்டுகள் அந்தப் பையின் மேல் வைத்துத்தான் தகட்டைத் திருப்பினார்கள்.

மெல்லிய தகட்டை நேரே தாடையில் இறுக்கினால் வளைந்துபோகும். மரக்கட்டையில் அரக்கு உருக்கி ஊற்றி அதில் உட்காரவையுங்கள், அல்லது சூட்டுப் பசையால் ஒட்டுங்கள். கட்டையைத் தாடையில் பிடியுங்கள்.

வலது கைக் கட்டைவிரல் தகட்டிலோ கட்டையிலோ ஊன்றி இருக்கவேண்டும். அதுதான் பிரேக். கிரேவர் அதை உரசிக்கொண்டு போகும். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றால் வழுக்கல் நிச்சயம். இடது கை எந்நேரமும் முனைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோதான், போகும் பாதையில் கூடவே கூடாது. மழுங்கிய கிரேவர்கூடச் சதைக்குப் போதுமான கூர்தான்.

ஜனவரி 27

உலோகம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பழக எது நல்லது?

செம்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்தால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. செம்பு மென்மையானது, உண்மை. ஆனால் பசைபோல் ஒட்டும். முனையில் அப்பிக்கொண்டு கோட்டின் சுவரைக் கிழிக்கும். மென்மை என்பதால் ஆழம் சட்டென்று கூடிவிடும். குதி நன்றாக மெருகேறி, ஒரு சொட்டு எண்ணெயும் இருந்தால் அழகாக வெட்டும். புதியவரிடம் அந்த மெருகு இருக்காதே.

மென் எஃகு தள்ளக் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் நேர்மையாக வெட்டும். கை சொன்ன இடத்தில் நிற்கும், கரை சுத்தமாக வரும். சும்மா கையால் தள்ளுகிறவருக்கு ஈயமில்லாத பித்தளை, சுத்தியலோ மெஷினோ இருப்பவருக்கு மென் எஃகு என்று பிரித்துக்கொள்கிறேன். ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீத வெள்ளி, எல்லாவற்றையும்விட இனிமையாக வெட்டும். பழகுவதற்கு அதை வீணாக்க மனசு வராது.

எவர்சில்வர் பக்கம் போகவேண்டாம். வெட்ட வெட்ட இறுகிக்கொண்டே போகிற சாதி அது. ஒரே இடத்தில் இரண்டாவது தடவை தேய்த்தால் முதல் தடவையைவிடக் கடினமாக இருக்கும்.

நாணயத்தில் செதுக்கலாமா என்று ஒருவர். தாராளமாக. 1913 முதல் 1938 வரை அமெரிக்காவில் வந்த எருமை தலை ஐந்து சென்ட் நாணயத்தில் முகங்களை மாற்றிச் செதுக்குவது தனிக் கலையாகவே வளர்ந்தது. நாடோடிகள் கையில் கிடைத்த ஆணி, கத்தியால் செய்தவையும் அதில் உண்டு. அது முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். ஆனால் அது புடைப்புச் சிற்ப வேலை. கோடு வேலை பழகிய பிறகு போங்கள்.

ஜனவரி 28

எருமைத் தலை இல்லை, ஒரு பக்கம் பழங்குடியினர் முகம், மறுபக்கம்தான் முழு எருமை என்று உடனே ஒருவர் திருத்தினார். சரி, எருமையும் இல்லை, காட்டெருமை. முகத்தைத்தான் பெரும்பாலும் மாற்றுவார்கள். இழை எங்கேயோ போகிறது.

பிப்ரவரி 3

பூ, கொடி எல்லாம் செதுக்கிப் படம் போட்டிருக்கிறார் கேள்வி கேட்டவர். வெட்டு சுத்தமாக இருக்கிறது. முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் கொடி நொண்டுகிறது. அது கிரேவரின் குற்றம் இல்லை, பென்சிலின் குற்றம்.

கொடிச் சுருளுக்கு உயிர் அதன் நடுத்தண்டு. அந்தத் தண்டு வெளியிலிருந்து உள்ளே போகப்போக ஒரே சீராக இறுகவேண்டும். நடுவில் எங்கேயாவது ஒரு தட்டை விழுந்தால், அதன் மேல் எத்தனை இலை போட்டு மூடினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். உங்கள் படத்தில் இடதுபக்கச் சுருளின் அடியில் அப்படி ஒன்று இருக்கிறது. வெட்டும்போது வந்ததில்லை, வரையும்போதே இருந்திருக்கிறது.

இலையெல்லாம் விட்டுவிட்டு வெறும் தண்டை மட்டும் தாளில் வரையுங்கள். உள்ளங்கை அளவு பெரிதாக, தோளிலிருந்து கையை ஓட்டி. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கண்ணாடியில் காட்டியும் பாருங்கள். தட்டை விழுந்த இடம் உடனே முறைக்கும். இந்த வேலை யாருக்கும் பிடிப்பதில்லை, எனக்கும்தான். வெட்டுவதில் இருக்கும் சுகம் இதில் இல்லை. ஆனாலும் தாளில் சரியாக வராத ஒன்று தகட்டில் சரியாக வந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

படத்தைத் தகட்டுக்கு மாற்ற: துத்தநாக வெள்ளை வர்ணத்தை விரலால் மெல்லப் பூசி, காய்ந்ததும் அதன் மேல் பென்சிலால் வரையலாம். அப்புறம் கீறு ஊசியால் மெல்லிசாகக் கோடிட்டுவிட்டால் வெள்ளை அழிந்தாலும் கவலையில்லை. லேசர் பிரிண்ட் எடுத்து அசிடோன் தொட்டு அழுத்தி மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் படம் இடம் வலம் மாறும், முன்கூட்டியே திருப்பிப் பிரிண்ட் எடுக்கவேண்டும். எழுத்து என்றால் மறந்தே போகாதீர்கள்.

பிப்ரவரி 16

மெஷின் விஷயம் திரும்பவும்.

கட்டைவிரல் மூட்டில் தேய்மானம் உள்ள ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார். கையால் தள்ளினால் இரவெல்லாம் வலிக்கிறதாம். ‘நீங்கள் மெஷின் வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டு இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன்’ என்கிறார். வேண்டாம், பொறுத்துக்கொள்ளவேண்டாம். நான் சொன்னது முனை உடைந்தவருக்கு. வலிக்கிறவருக்கு இல்லை. காற்றழுத்தக் கருவியில் உள்ளே ஒரு சின்ன பிஸ்டன் வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கும், கை வழிகாட்டினால் போதும். எஃகில் ஆழமாக வெட்டுபவர்கள் அதற்கு முன்பும் வெறும் கையால் தள்ளிக்கொண்டிருக்கவில்லை, உளியும் சின்னச் சுத்தியலும்தான். மெஷின் அந்தச் சுத்தியல் வேலையைச் செய்கிறது. அதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. முகம், குதி, தண்டின் வளைவு மூன்றும் அங்கேயும் அதேதான்.

இன்றைக்கு என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: சாணைத் தாங்கி முதலில், நல்ல உருப்பெருக்கி இரண்டாவது, சுழலும் வைஸ் மூன்றாவது. மெஷின் நாலாவதாக வரட்டும். வலி இருந்தால் இரண்டாவதாகவே வரட்டும்.

பிப்ரவரி 17

உருப்பெருக்கி எவ்வளவு என்று கேட்டு நாலு பேர். தலையில் மாட்டுவதில் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு தாராளம். அதற்குமேல் போனால் கண்ணிலிருந்து வேலைக்கு உள்ள தூரம் குறைந்துவிடும், தகட்டில் மூக்கு இடிக்கும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதை விடமாட்டார்கள், ஆனால் அதில் குனியாமல் உட்காரப் பழகவேண்டும். விளக்கை நேரடியாக அடிக்கவிட்டால் மெருகேறிய தகடு கண்ணைப் பறிக்கும், கோடு தெரியாது. விளக்குக்கு முன்னால் வரைபடத் தாள் ஒன்றை மறைத்தாலே போதும்.

மூக்குக்கண்ணாடி இல்லாதவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சுருள் தெறிக்கும்.

மார்ச் 9

நண்பரின் லைட்டரில் பெயர் செதுக்கித் தருவதாக ஒப்புக்கொண்டாராம் கேள்வி கேட்டவர். நான் என்ன சொல்வது, வாக்குக் கொடுத்தாயிற்று.

அது என்ன உலோகம் என்று முதலில் பாருங்கள். பல லைட்டர்கள் பித்தளை மேல் குரோமிய முலாம். குரோமியம் மெல்லிசுதான், ஆனால் மகா கடினம், முனையைத் தின்றுவிடும். அதைத் தாண்டி வெட்டினால் கோட்டுக்குள் பித்தளையின் மஞ்சள் தெரியும், அது அழகாகவே இருக்கும். ஓரத்தில் முலாம் பெயர்கிறதா என்பதுதான் கேள்வி. முலாம் இல்லாத பித்தளை என்றால் தைரியமாக இறங்கலாம்.

எழுத்துக்குச் சதுரக் கிரேவரே போதும். எழுத்தின் அகலமான கோட்டுக்கு, தள்ளிக்கொண்டே கிரேவரை ஒரு பக்கம் சாய்க்கவேண்டும். சாய்ந்தால் கோடு விரியும், நிமிர்த்தினால் மெலியும். 120 டிகிரி முனை தீட்டிவைத்திருந்தால் விரிவு இன்னும் நன்றாக வரும். தமிழ் எழுத்து என்றால் சுழிகள் அதிகம், ‘ண’வும் ‘ஐ’யும் உங்கள் வைஸைச் சுற்றவைக்கும். பெயரில் அவை இருக்கிறதா என்று நண்பரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பெயரைப் பழகும் தகட்டில் அதே அளவில் முழுசாக வெட்டிப் பாருங்கள். லைட்டரில், மூடி திறந்தால் மட்டும் தெரியும் உள்விளிம்பில் ஒரு சின்னக் கோடு போட்டு, முலாம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். படம் போடுங்கள், சுருளையும் சேர்த்து.